பேசுகிற கிளிக்குச் சோடி ஆகாது

பேசுகிற கிளிக்குச் சோடி சேர்க்கக் கூடாது என்று என் கணவருக்குச் சொன்னவர் மலாயாவில் குளுவாங் ரயில் ஸ்டேஷன் மாஸ்டர் சரவணமுத்தர். சோடி கிடைத்துவிட்டால் இரண்டும் தங்களுக்குள்ளேயே கதைத்துக்கொண்டு மனிதரை மறந்துவிடுமாம். தனியே வைத்தால்தான் நம்மிடம் ஒட்டுமாம், நம் பேச்சைப் பிடிக்குமாம். சரவணமுத்தர் மனைவியை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டுப் பதினொரு வருஷமாகத் தன் கையால் பொங்கித் தின்கிறவர். தனியே இருப்பதைப் பற்றி அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியப்போகிறது என்று நாங்களும் நம்பிவிட்டோம்.

அது 1926ஆம் வருஷம். என் கணவர் தியாகராஜா அந்த ஸ்டேஷனில் சரக்குக் கிளார்க்; கிராணி என்பார்கள். ரப்பர் ஷீட் கட்டுகளும் அன்னாசிக் கூடைகளும் அவர் கையெழுத்தோடுதான் வண்டி ஏறும். நான் அன்னபாக்கியம். யாழ்ப்பாணத்து அளவெட்டியில் கல்யாணமாகி மூன்றாம் மாதம் கப்பலேறி அவரிடம் வந்து சேர்ந்தவள். பிறந்த வீட்டில் நாங்கள் ஐந்து பெண்கள். ஒருத்தி வாய் மூடினால் இன்னொருத்தி தொடங்குவாள். அந்த இரைச்சலில் வளர்ந்த என்னை, கடிகாரத்தின் சத்தம் கேட்கிற ஒரு வீட்டில் கொண்டுவந்து வைத்தார்கள்.

ரயில்வே கொடுத்த பலகை வீடு அது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் தண்டவாள வேலை செய்கிற கூலி ஆட்களின் லயம், ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு அறைகள். பின்னேரமானால் அங்கே பெண்கள் வாசலில் கூடி அரிசி புடைப்பார்கள், ஒருத்தி தலையை ஒருத்தி மடியில் வைத்துப் பேன் பார்ப்பார்கள், சண்டை போடுவார்கள். எங்கள் யன்னலில் நின்றால் எல்லாம் தெரியும்.

வந்த முதல் வாரமே என் கணவர் சொல்லிவிட்டார். “இஞ்சாரும், அந்தப் பக்கம் போகப்படாது. கிராணி மனிசி கூலி லயத்தில போய் நிண்டால் நாளைக்கு எனக்கு ஆர் மரியாதை தருவினம்?”

எனக்கு அது கொடுமையாகப் படவில்லை. உண்மையைச் சொல்லவேண்டும், எனக்கும் அந்தத் தலைக்கனம் நிறைய இருந்தது. லயத்திலிருந்து வெள்ளையம்மா என்பவள் தினமும் காலையில் பின்கதவடியில் பால் கொண்டுவந்து ஊற்றுவாள். அவள் செம்பு என் பாத்திரத்தில் பட்டுவிடாதபடி நான் பாத்திரத்தைத் தாழ்த்திப் பிடிப்பேன். அவளும் அதைத் தெரிந்துகொண்டு செம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள். ஒரு சொல் பேசாமல் இருவரும் இந்த வேலையை அவ்வளவு நேர்த்தியாகச் செய்தோம். அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க வாயை மூடிக் கிடப்பேன்.

என் கணவரைக் குறை சொல்லமாட்டேன். குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. காலை ஆறு மணிக்குப் போய், ஒரு மணிக்குச் சோற்றுக்கு வந்து, திரும்பப் போய், ஏழு மணிக்கு வருவார். “சோத்தைப் போடும்.” “குடையை எடும்.” இதற்குமேல் அவரிடமிருந்து ஒன்றும் வராது. எட்டாவது மாதம் நான் அடுப்போடு பேசத் தொடங்கினேன். அதை ஒருநாள் அவர் கேட்டுவிட்டார் போலும். மறு வாரம் ஒரு மலாய்க்காரரிடம் வாங்கிய கிளியோடு வந்தார். பச்சை உடம்பு, செம்பருத்திச் சிவப்பில் அலகு, நீளமான வால்.

“உமக்குத் துணைக்கு,” என்றார். சரவணமுத்தரின் சட்டத்தையும் அப்போதே சொன்னார்.

நான் அதற்கு முருகா என்று சொல்லிக் கொடுத்தேன். அது கேட்கவில்லை. அன்னம் என்று என் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். அதற்கும் தலையைச் சாய்த்துப் பார்த்ததோடு சரி. போனால் போகிறது என்று விட்டுவிட்டு, என்பாட்டுக்கு அதனிடம் கதைக்கத் தொடங்கினேன். ஊரில் நான் கதை சொன்னால் என் தங்கை தவமணிதேவி பக்கத்திலிருந்து “பிறகு? பிறகு?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். இங்கே அவள் இல்லையே, அவள் பங்கையும் நானே சொன்னேன். “பருப்புத் தீஞ்சு போச்சு. பிறகு? பிறகென்ன, கரிச்சட்டியைச் சுரண்டினன். பிறகு?” இப்படி.

நாற்பது நாள் இருக்கும். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினேன். கூண்டுக்குள்ளிருந்து என் குரலிலேயே “பிறகு?” என்று கேட்டது.

கீரையைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

அதன்பிறகு ஒரு வருஷம் நான் ராணி. காலையில் அவர் படியிறங்கியதும் எங்கள் கச்சேரி தொடங்கும். நான் கனவு சொல்வேன், ஊர்க் கடிதத்தை வாசித்துக் காட்டுவேன், சரவணமுத்தரின் நடையைச் செய்து காட்டுவேன். அது “பிறகு?” என்று கேட்கும். அவரும் மத்தியானம் வந்தால் தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டுக் கூண்டுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்பார். வண்டி கிளப்புகிற கார்டு மாதிரி ஒரு விசில் அடிப்பார். அதுவும் திருப்பி அடிக்கும். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போகும். என்னிடம் சிரிக்கத் தெரியாதவருக்குக் கிளியிடம் சிரிக்கத் தெரிகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் புகையும்.

பொழுது சாயும் நேரத்தில் மட்டும் கிளி என்னை மறந்துவிடும். ரப்பர் தோட்டத்துப் பக்கமிருந்து காட்டுக் கிளிகள் நூறு இருநூறாகக் கூரைக்குமேல் கத்திக்கொண்டு பறந்து போகும். இது கூண்டுக் கம்பியில் தொற்றிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தும். அவை போய் வெகுநேரம் வரைக்கும் கத்தும். நல்ல சத்தம் என் கிளிக்கு என்று நான் பெருமைப்பட்டேன். அதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

மறு வருஷம் மழை தொடங்கிய சமயம், கூண்டின் அடியில் இறகு கிடந்தது. முதலில் இரண்டு மூன்று. பிறகு கைப்பிடியளவு. கிளி தன் நெஞ்சிறகைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வாரத்தில் நெஞ்சு வெறுந்தோலாயிற்று. பூச்சி பிடித்திருக்கும் என்று என் கணவர் புகையிலைத் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். தெளித்தேன். தானியத்தை நிறுத்திப் பழம் மட்டும் கொடுக்கும்படி சரவணமுத்தர் சொல்லியனுப்பினார். கொடுத்தேன். நானாக மஞ்சள் அரைத்துப் பூசினேன். ஒன்றும் நடக்கவில்லை. இறகு தீர்ந்துபோக, அது தோலைக் கடித்தது. ஒரு காலையில் கம்பியெல்லாம் இரத்தம்.

கூண்டைப் பின்கதவடியில் வெயிலில் வைத்திருந்தேன். பால் கொண்டுவந்த வெள்ளையம்மா பார்த்துவிட்டாள். வாயும் கையும் ஒன்றாகப் பேசுகிற, நாற்பது வயதுக்காரி.

“அலமாக்! என்னங்கம்மா இது, நெஞ்செல்லாம் ரத்தம்?”

“பூச்சி,” என்றேன். அவளிடம் பால் கணக்கைத் தவிர நான் பேசிய முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

அவள் குந்தியிருந்து உற்றுப் பார்த்தாள். “பூச்சியா இருந்தா தலைய விட்டு வைக்குமா? பாருங்க, தலையில ஒரு எறகு போகல. கழுத்துக்குப் பின்னால போகல. அலகு எட்டுற எடம் மட்டுந்தான் போயிருக்கு. தானாவே பிச்சிக்கிதும்மா. அதுக்கு ஆளு வேணும்.”

எனக்குச் சுருக்கென்றது. “ஏன், நான் ஆள் இல்லையோ? விடிஞ்சாப் பொழுதுபட்டா உதோடைதானே கதைச்சுக்கொண்டு இருக்கிறன்!”

“பேசுறீங்க, இல்லேன்னு சொல்லல. கூண்டுக்கு வெளிய நின்னு பேசுறீங்க. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு ஒட்டி உக்காரணும். அலகு எட்டாத எடத்த அதுதான் கோதிவிடணும். காட்டுல ஒத்தக் கிளியப் பாத்திருக்கீங்களா நீங்க? சாயங்காலம் அத்தன கூட்டம் போகுதே, ஒண்ணு தனியாப் போகுதா?”

அவள் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “எங்க வீட்டுக்காரரு தோட்டத்துல மரம் வெட்டுறப்ப விழுந்துச்சுன்னு ஒரு பொட்டக் கிளி கொண்டாந்தாரு. றெக்க ஒடிஞ்சு பறக்க முடியாம கெடக்கு. அதுவும் ஒண்ணுந் திங்காம மூலையில குந்திக்கிட்டுத்தான் இருக்கு. கொண்டாந்து குடுக்கவா?”

“வேண்டாம். சோடி சேர்த்தால் கதைக்காதாம்.”

“பேசாட்டிப் போவுது. உசுரோட இருக்கும்ல?”

அவள் போய்விட்டாள். எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. அவளுக்கென்ன, பேசாட்டிப் போவுது என்பாள். திரும்பிய பக்கமெல்லாம் ஆள் இருக்கிற பன்னிரண்டு அறை லயத்துக்குப் போகிறவள். இந்தக் கிளி வாய் மூடினால் எனக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு மணிக்குச் சோத்தைப் போடும், ஏழு மணிக்குச் சோத்தைப் போடும், நடுவில் கடிகாரம். அந்த எட்டு மாதம் திரும்ப வரும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. கிளி செத்தாலும் பேச்சு நின்றுபோகும் என்று அறிவு சொன்னது. இல்லை, புண் ஆறிவிடும், மஞ்சளை இன்னும் கொஞ்சம் தடிப்பாகப் பூசு என்று ஆசை சொன்னது. மூன்று நாள் நான் ஆசையின் பேச்சையே கேட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானத்துக்கு முன் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து தவமணிதேவியின் கல்யாணக் கடிதத்தைச் சொல்லத் தொடங்கினேன். மாப்பிள்ளைக்கு மலாக்காவில் தபால் கந்தோரில் வேலை என்று சொல்லி நிறுத்தினேன். கிளி நெஞ்சிலிருந்து அலகை எடுத்தது. அலகு நுனியில் இரத்தம் இருந்தது. “பிறகு?” என்றது. நான் பதில் சொல்லவில்லை. மறுபடி, “பிறகு?” நான் எழுந்து குசினி அடுப்பின் பக்கம் நாலடி வைத்தேன். அது கம்பியைப் பிடித்துக்கொண்டு, “பிறகு? பிறகு? பிறகு?” என்று மூச்சுவிடாமல் கத்தியது. பொழுது சாயும்போது காட்டுக் கிளிகளைப் பார்த்துக் கத்துகிற அதே கத்தல்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது ஒருநாளும் என் கதையைக் கேட்டதில்லை. நான் பேச்சை நிறுத்தினால் எழுந்து போய்விடுவேன் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் நான் இருப்பேன் என்றும் தெரிந்திருக்கிறது. இருந்த ஒரே ஆளைப் போகவிடாமல் பிடித்துவைக்க அது பாடுபட்டிருக்கிறது. நான் அதைப் பேச்சென்று நினைத்து ஒரு வருஷம் கொண்டாடியிருக்கிறேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் பால் ஊற்ற வந்த வெள்ளையம்மாவிடம், “அந்தப் பொட்டையைக் கொண்டு வாரும்,” என்றேன்.

கொண்டுவந்தாள். அலகு சிவப்பில்லை, தவிட்டு நிறம். ஒரு பக்கச் சிறகு தொங்கிக்கொண்டு பார்க்கவே பாவமாக இருந்தது. நான் உடனே கூண்டைத் திறக்கப் போனேன். வெள்ளையம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். எடுத்த எடுப்பில் ஒன்றாகப் போட்டால் கொத்திக்கொள்ளும், நாலைந்து நாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பழக்கவேண்டும் என்றாள். கூண்டு எங்கே தொங்குகிறது என்று பார்க்க அவளைக் கூடத்துக்குள் கூப்பிட்டேன். வாசற்படியில் ஒரு கணம் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

என் கணவரிடம், புண் ஆறுகிற வரைக்கும் இருக்கட்டும் என்று சொன்னேன். முகத்தைச் சுளித்தாரே தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

முதல் இரண்டு நாள் இரண்டும் சண்டைக்காரர் மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. ஆறாம் நாள் ஒரே கூண்டில் விட்டேன். ஒரு கொம்பின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தன. என் கிளி ஒரு அடி எடுத்து வைக்கும், நிற்கும், வேறெங்கோ பார்ப்பதுபோல் பாவனை செய்யும், மறுபடி ஒரு அடி வைக்கும். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை கெட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றாக விட்ட இரண்டாம் நாள் அது பொட்டையின் பக்கத்தில் போய்த் தலையைக் குனிந்து கழுத்தைக் காட்டியது. அந்தத் தவிட்டு அலகு பின்கழுத்து இறகை ஒவ்வொன்றாக நீவிவிட்டது. என் கிளி கண்ணை மூடிக்கொண்டது. ஒன்றரை வருஷத்தில் பகலில் அது கண்ணை மூடி நான் பார்த்ததில்லை.

நெஞ்சில் ஊசி ஊசியாக இறகு முளைத்தது. பேச்சு குறைந்தது. ஒரு நாளைக்கு நூறு தரம் சொன்ன சொல்லைப் பத்துத் தரம் சொன்னது, பிறகு இரண்டு தரம். ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்கக் காத்திருந்தேன், ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதற்கு இனி அந்தச் சொல் தேவையில்லை. எனக்குத்தான் தேவையாக இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு தங்கள் பாஷையில் குறுகுறுவென்று கதைப்பதைப் பார்க்க எனக்குப் பொறாமை எரிந்தது. நான் செய்தது சரி என்று தெரியும். தெரிந்தும் சரி செய்த சந்தோஷம் துளிகூட வரவில்லை. கூண்டை வீசிவிடலாம் போலவும் இருந்தது, நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்கலாம் போலவும் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு என் கணவர் வந்தார். தொப்பியை மாட்டினார். கூண்டுக்கு முன்னால் நின்று விசில் அடித்தார். கிளி திரும்பவில்லை. மறுபடி அடித்தார். மூன்றாம் தரமும் அடித்தார். அது பொட்டையின் காதடியைக் கோதிக்கொண்டிருந்தது.

“இது ஏன் ஒண்டும் சொல்லுதில்லை?”

“சோடி சேர்ந்திட்டுது. இனிச் சொல்லாது.”

“அப்ப பொட்டையைத் திருப்பிக் குடும். எங்கை வாங்கினீர்?”

“லயத்து வெள்ளையம்மாட்டை.”

அவர் முகம் சிவந்தது. “லயத்திலயோ? நல்லது. நாளைக்குக் காலமை பால் கொண்டு வரேக்குள்ள அவளிட்டையே குடுத்துவிடும். ரெண்டு கிழமை தனியக் கிடந்தால் பேச்சுத் தன்பாட்டில வரும்.”

“மாட்டன்,” என்றேன்.

இந்தச் சொல்லை நான் அவரிடம் அதுவரை சொன்னதில்லை. அவரும் என் வாயிலிருந்து கேட்டதில்லை. இரண்டு பேருமே கொஞ்சம் திகைத்துப்போய் நின்றோம்.

“அதின்ரை நெஞ்சைப் பாத்தனீங்கள்தானே,” என்றேன். “பிரிச்சால் திரும்பப் பிடுங்கும். செத்துப்போகும். அது எங்களில ஆசைப்பட்டோ கதைச்சது? வேறை ஒருத்தரும் இல்லையெண்டு கதைச்சது. நான் குடுக்க மாட்டன்.”

கத்துவார் என்று பார்த்தேன். அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார், “அப்ப இந்த வீட்டில இனி ஆர் கதைக்கிறது?”

இரண்டு வருஷமாக நான் ஒருத்திதான் இந்த வீட்டில் தனியே கிடக்கிறேன் என்று நினைத்து இவர்மேல் கோபத்தைச் சேர்த்து வைத்திருந்தேன். இந்த ஒரு வருஷமாக இவர் மத்தியானத்தில் அரை மைல் நடந்து வந்தது சோற்றைவிட ஒரு விசிலுக்காக என்று எனக்குத் தெரியாது.

“நான் இருக்கிறன்,” என்றேன். “நீங்கள் இருக்கிறியள்.”

“எனக்கு என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை, அன்னம்.” முழங்காலில் கையை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொன்னார். “ஸ்டேஷனிலயும் அப்பிடித்தான். ஆக்கள் கூட்டமா நிண்டு கதைச்சுக்கொண்டு நிப்பினம். நான் கிட்டப் போனவுடனை ஐயா வாறார் எண்டு எல்லாரும் வாயை மூடிப்போடுவினம். சரவணமுத்தரோடை கதைக்கலாமெண்டால் அவர் வண்டி நேரத்தைத் தவிர வேறொண்டும் கதையார்.”

மரியாதை மரியாதை என்று இவர் கட்டின வேலி என்னை மட்டும் அடைத்து வைக்கவில்லை. அதற்குமேல் அவரை வைய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வேலியை அப்படியே விட்டுவைக்கவும் மனம் வரவில்லை.

“இஞ்சேருங்கோ,” என்றேன், “இண்டைக்குப் பின்னேரம் நான் லயத்துக்குப் போறன். வெள்ளையம்மா வீட்டை. நான் உங்களிட்டைக் கேக்கேல்லை. சொல்லிப்போட்டுப் போறன்.”

நான் சோற்றைப் போட்டேன், குழம்பை ஊற்றினேன். அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து பிசையத் தொடங்கினார். சாப்பிட்டு முடிகிற வரைக்கும் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொன்னாலும் போவதென்று நான் முடிவு செய்துவிட்டேன். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். படியில் இறங்கினார். இரண்டு படி இறங்கிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே நின்றார்.

“நான் வாறதுக்கு முதல் வந்திடும்,” என்றார். “வந்து, அங்கை என்ன கதைச்சதெண்டு எனக்கும் சொல்லும்.”